சரவணைக்கு வெட்டிய இரண்டு தட்டுகள்

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் சிலர் அந்தக் காலத்து நேரடி மோட்டரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அதன் காந்தம், கம்பிச் சுற்று, ஓட்டக் கணக்கெல்லாம் புத்தகங்களில் கிடைக்கும். என்னிடம் இருப்பது வேறு. அந்த மோட்டரை வைத்துக்கொண்டு நான் ஒரு வீட்டைக் கெடுத்த கதை இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினையுங்கள். எண்பதை நெருங்கும் மனுசனுக்கு மானம் போவதற்கும் ஒரு அளவு உண்டு.

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகும் தெருவில் எனக்கு ஒரு அறைக் கடை இருந்தது. இசைத்தட்டு வெட்டுகிற கடை. கடைகளில் விற்ற சினிமாத் தட்டுப் போல ஆயிரக்கணக்கில் அடிக்கிற வேலையல்ல. அலுமினியத் தகட்டில் மெல்லிய மெழுகுபோல ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுழல விட்டு, ஆள் பாடப் பாட ஊசியால் கோடு வெட்டிக்கொண்டு போவோம். ஒரு ஆள், ஒரு பாட்டு, ஒரு தட்டு. பிழை வந்தால் வந்ததுதான். மலாயாவில் இருக்கும் மகனுக்குத் தாய் பேசியனுப்பிய தட்டு, இளைப்பாறிய தலைமை வாத்தியாரின் பிரியாவிடைப் பேச்சு, நயினாதீவுத் திருவிழாவுக்கு வரும் நாயனக்காரரின் வாசிப்பு, இப்படித்தான் வேலை வரும். தீவுப் பகுதியில் கனபேர் வீட்டில் மின்சாரம் இல்லை. பற்றறியில் ஓடும் சின்னப் பாட்டுப் பெட்டியில் போட்டுத்தான் கேட்பார்கள். அதனால் நானும் கடையில் அப்படியொரு பெட்டி வைத்திருந்தேன். வெட்டி முடிந்ததும் அதில் போட்டுக் காட்டித்தான் தட்டைக் கையில் கொடுப்பேன்.

என்னுடைய பழைய மெசினின் மோட்டர் ஒரு நோஞ்சான். பட்டி போட்டுச் சுழற்றுவது. பாடுகிறவர் குரலை உயர்த்தினால் ஊசி ஆழமாகக் கடிக்கும்; உடனே மோட்டர் களைத்துப்போகும், தட்டின் வேகம் குறையும். அதை நம்பவே ஏலாது. அதனால் ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன்னர், தட்டின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவேன். நாற்பத்தைந்து வரவேண்டும். கொழும்பில் எனக்கு வேலை பழக்கிய பறங்கியர் ஒருவர் அப்படித்தான் எண்ணுவார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். அவர் திரும்பிப் பார்க்காமலே எண்ணிக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு, கப்பலில் வேலை செய்த என் மைத்துனர் ஒரு நேரடி மோட்டர் கொண்டுவந்து தந்தார். பட்டியும் இல்லை, சக்கரமும் இல்லை. தட்டு நேரே மோட்டரின் தலையிலேயே இருக்கும். அதன் முறுக்கு வலுவை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஓடும் தட்டின் விளிம்பைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஊசி எவ்வளவு கடித்தாலும் அசையாது. நான் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்காட்டிப் பெருமைப்பட்டேன். தபால்காரர்கூட ஒருநாள் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

வேகம் பார்ப்பதற்கும் அதில் ஒரு வசதி இருந்தது. தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. வேகம் சரியென்றால் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பிழையென்றால் மெல்ல ஊரும். ஒரு திருகு இருக்கும். புள்ளிகள் நிற்கும்வரை அதைத் திருகினால் போதும். மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். எண்ணுகிற மினக்கேடு ஒழிந்தது என்று எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தோசம்.

இனி நான் விட்ட பிழை. கவனமாக வாசியுங்கள்.

என் கடைக்கு மின்சாரம் வந்தது பக்கத்து ஐஸ் ஆலையின் எஞ்சினிலிருந்து. மீனுக்கு ஐஸ் போடுகிற ஆலை. அந்த மெசின் இரைந்தால் ஒலிப்பதிவு செய்ய ஏலாது. ஆகவே வெட்டுகிற நேரத்தில் ஆலைக்காரரிடம் சொல்லி, ஐஸ் மெசினை அரை மணித்தியாலம் நிற்பாட்டுவிப்பேன். எஞ்சின் மட்டும் ஆலையின் பின்கோடியில் எனக்காக ஓடும். பெரிய பாரம் இறங்கியதும் எஞ்சின் என்ன செய்யும்? கொஞ்சம் கெதியாக, வேகமாக ஓடும். எஞ்சின் கெதியாக ஓடினால் அதிலிருந்து வரும் மின்சாரத்தின் துடிப்பும் கெதியாகும். என் சின்ன விளக்கு அந்தத் துடிப்பில்தான் மின்னியது. விளக்கு கெதியாக மின்ன, நான் அதற்கு ஏற்றபடி புள்ளிகளை நிற்பாட்ட, தட்டும் கெதியாக ஓடியது. கெதியாக ஓட விட்டு வெட்டிய தட்டை, சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் குரல் இறங்கும், பாட்டு இழுபடும். பழைய நோஞ்சான் மோட்டரை நம்பாமல் மணிக்கூடு வைத்து எண்ணிய காலத்தில் இந்தப் பிழை வந்ததே இல்லை. புதியதோ நான் கொடுத்த பிழையான வேகத்தை, ஒரு மயிரிழை விலகாமல், கடைசிவரை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடியது.

இது எனக்குத் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில்தான் பக்கத்துச் சரவணைக் கிராமத்திலிருந்து செல்லத்துரை அண்ணை தன் மகள் தவமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

செல்லத்துரை அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். நேர்மையான மனுசர், அதிகம் கதைக்கமாட்டார். தவமணிக்கு இருபத்தாறு வயது. ஊர்ப் பெட்டைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் அவள் தேவாரம் பாடினால் சனம் கதையை விட்டுவிட்டுக் கேட்கும். கோலாலம்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்திருந்தது. சாதகம் பொருந்திவிட்டது. படம் போய்ப் பிடித்தும் விட்டது. மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு ஆசை மட்டும் மிச்சம். வரப்போகிற மருமகள் பாடுவதையும் நாலு வார்த்தை கதைப்பதையும் தட்டில் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு நாள் வைப்பதாக எழுதியிருந்தாராம்.

ஐஸ் மெசினை நிற்பாட்டினேன். புள்ளிகளை நிற்பாட்டினேன். தவமணி ஒரு தேவாரம் பாடினாள். பிறகு தன் பேர், ஊர், தான் செய்யும் வேலை எல்லாவற்றையும் கூச்சத்தோடு சொன்னாள். ஒரு தடங்கலும் இல்லை. ஊசியைத் தூக்கிவிட்டு, தட்டைப் பற்றறிப் பெட்டியில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் மாறியது.

"அண்ணை, இது என்ர குரல் இல்லை."

நான் சிரித்தேன். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருப்பார்கள். தன் குரலை முதன்முதலாக வெளியே கேட்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். அதற்கென்று நான் ஒரு பிரசங்கமே பாடமாக்கி வைத்திருந்தேன். எங்கள் குரலை நாங்கள் மண்டைக்குள்ளால் கேட்கிறோம், மற்றவர்கள் காற்றில் கேட்கிறார்கள், ஆகவே தட்டில் கேட்பதுதான் உண்மையான குரல் என்று. அதை ஒப்புவித்தேன்.

அவள் விடவில்லை. "அது சரி அண்ணை. ஆனா பாட்டும் ஆறுதலா, மெதுவாப் போகுது. நான் இப்பிடி இழுத்துப் பாடேல்லை."

"தங்கச்சி, இது புது மோட்டர். பிழை விடாது. நீர் பயத்தில இழுத்திருப்பீர்" என்றேன்.

தகப்பன் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அவருக்குத் தெரியாததே பிள்ளை? அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

தட்டைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து நயினாதீவுக்கு வாசிக்க வந்த நாயனக்காரர் ஒருவர், நான் வெட்டிக் கொடுத்த தட்டோடு திரும்பி வந்தார். "தம்பி, இது என்ர நாயனத்தின்ர சுருதி இல்லை. அரைச் சுருதி இறங்கிக் கிடக்கு" என்றார். நாயனத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தட்டை ஓடவிட்டு, கூடவே ஊதிக் காட்டினார். இரண்டும் ஒட்டவில்லை. அவரிடம் நான் மண்டைப் பிரசங்கம் வைக்கவில்லை. வித்துவான் சொன்னதால் உடனே சோதித்தேன். தவமணி சொன்னபோது சிரித்த அதே வாய்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

லாச்சியைத் திறந்து மணிக்கூட்டை எடுத்தேன். ஐஸ் மெசினை நிற்பாட்டச் சொல்லி, புள்ளிகளை நிறுத்தி, எண்ணினேன். நாற்பத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று முறை எண்ணினேன். பிறகு ஐஸ் மெசினை ஓடவிட்டு அதே மாதிரி எண்ணினேன். நாற்பத்தைந்து. நாயனக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு வேறு தட்டு வெட்டிக் கொடுத்தேன். சரவணைத் தட்டு அதற்குள் கடல் கடந்து போயிருந்தது.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு சரவணைக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஒன்றும் நடக்காது, மாப்பிள்ளையின் தாய்மனுசி பாட்டைத்தானே கேட்கப்போகிறா, அரைச் சுருதி யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு செல்லத்துரை அண்ணை தனியாக வந்தார். கையில் கடிதம். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, நீர் என்ர பிள்ளையைக் கண்டனீர். அவளைப் பாத்தா நாப்பது வயசு மாதிரியோ கிடக்கு?"

தட்டில் கேட்பது முதிர்ந்த பெண்ணின் குரல் என்றும், வயதைக் குறைத்துச் சாதகம் கொடுத்தீர்களோ என்றும், படமும் பழைய படமோ என்றும் அவர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒருத்தரும் அவரை அதுவரை பொய்க்காரன் என்று சொன்னதில்லை.

பிள்ளைகளே, இப்போது நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "பிழை என்ர மோட்டரில" என்று ஒரு வசனம். அதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் முடிந்தது. ஆனால் நான் அந்த மோட்டரை ஊர் முழுக்கப் பெருமையாகப் புளுகித் திரிந்தவன். ஒரு மாதமாக வெட்டிய தட்டெல்லாம் பிழை என்று தெரிந்தால் ஊர்காவற்றுறையில் யார் என்னிடம் வருவார்கள்? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அண்டைக்குப் பிள்ளை கொஞ்சம் குரலை இறக்கிப் பாடினது போல கிடக்கு அண்ணை. இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ. வடிவா வெட்டித் தாறன்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இறக்கிப் பாடினவளோ?" என்று மட்டும் கேட்டார். நான் "போலக் கிடக்கு" என்றேன்.

அடுத்த நாள் கூட்டிக்கொண்டு வந்தார். தவமணியின் கண் வீங்கியிருந்தது. மணிக்கூடு வைத்து, நாற்பத்தைந்து சுற்று எண்ணி, ஒரு குறையும் இல்லாமல் வெட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு திருத்தமான தட்டு வெட்டியதில்லை. பெட்டியில் போட்டபோது அவளுடைய குரல் அவளுடைய குரலாகவே வந்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிசமே எல்லாம் விளங்கிவிட்டது. நான் மெசினைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தட்டு போய்ச் சேர்ந்ததும் கலியாணம் அடியோடு முறிந்தது. யோசித்துப் பாருங்கள். முதல் தட்டில் கனத்த, இழுத்துப் பேசும் குரல். வயதைக் கேட்டு எழுதியதும், அதே தேவாரம் ஒரு இளம்பிள்ளையின் குரலில் வருகிறது. பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. அவர்கள் இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். வேறொரு பெட்டையைப் பிடித்துப் பாடுவித்து ஏமாற்றப் பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டார்கள். கலியாணப் பேச்சுக் கொண்டுவந்த தரகர் அந்தக் கதையை அயலூர் வேலணை முழுக்கக் கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படலையை ஒரு தரகரும் திறக்கவில்லை.

முதல் தட்டு பிழை. அது யாருக்கும் வரும். இரண்டாவது தட்டு சரியாக இருந்தது, கெடுத்தது அதுதான். பிழையைச் சொல்லாமல் திருத்தி அனுப்பினால், திருத்தமே பொய்க்குச் சாட்சியாகப் போய் நிற்கும். நீங்கள் இதிலிருந்து வேறொன்றையும் எடுக்காவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலாலம்பூருக்கு ஒரு கடிதம் எழுதினேன், மறைக்கவில்லை. எஞ்சின், விளக்கு, மோட்டர் எல்லாம் விளக்கி மூன்று பக்கம். பதில் வரவில்லை. பெண் வீட்டார் எழுதுவித்த கடிதம் என்று நினைத்திருப்பார்கள். ஆறு மைல் தொலைவில் இருந்த சரவணைக்கு மட்டும் நான் எழுதவுமில்லை, போகவுமில்லை. தெரியாத ஆட்களிடம் வெட்கப்படுவது லேசாக இருந்தது.

மூன்று வருடம் ஓடிப்போனது. எண்பதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற தவமணியைக் கண்டேன். மெலிந்திருந்தாள். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"அண்ணை, ஐயா போன மாதம் செத்துப் போனார். அறிஞ்சனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி" என்றேன். உண்மையில் அறிந்திருந்தேன். செத்தவீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை.

"மூண்டு வருசமா என்னோட கதைக்கேல்லை. எனக்கு மலாயா போக விருப்பமில்லையாம், அதுதான் வேணுமெண்டு குரலை இறக்கிப் பாடிக் குழப்பினனானாம். சாகேக்கையும் தண்ணி அம்மாதான் பருக்கினவ. என்ர கையால வாங்கேல்லை."

இறக்கிப் பாடினாள் என்று அவருக்குச் சொன்னவன் நான்தானே. அந்த ஒரு சொல்லை மூன்று வருடமாக அவர் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"மோட்டர் பிழையெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டாம் தட்டுக்கு முதலே தெரியும்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. "அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் எத்தினை தரம் சொல்லியும் நம்பேல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கோ" என்றாள்.

அதே பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் தவமணி நேரே குசினிக்குள் போய்விட்டாள். தாய்மனுசி விறாந்தையில் இருந்தா. நின்றபடியே சொன்னேன். ஐஸ் மெசின், எஞ்சின், விளக்கு, புள்ளி என்று நான் அடுக்கிக்கொண்டு போக, மனுசி கையைக் காட்டி மறித்தா.

"எனக்கு உந்த மெசின் கதை விளங்காது. பிழை ஆற்ர?"

"என்ர பிழை அம்மா. தங்கச்சி சரியாத்தான் பாடினவ."

மனுசி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், சுவரில் மாலையோடு தொங்கிய செல்லத்துரை அண்ணையின் படத்துக்கு முன்னால் என்னை நிற்பாட்டினா.

"எனக்குச் சொன்னது காணும். இவருக்குச் சொல்லும்."

படத்தைப் பார்த்து முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லும் தம்பி. அவருக்குக் காது மந்தம். பத்து வருசமா எங்கட வாயைப் பாத்துத்தான் கதை பிடிக்கிறவர். வெளியாக்களுக்குத் தெரியக்கூடாதெண்டு காட்டிக்கொள்ளமாட்டார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் அன்றைக்கு அவர் தட்டைக் கேட்டுத் தலையாட்டவில்லை. ஒரு பக்கம் மகளின் முகம் கலங்கியிருந்தது. மற்றப் பக்கம் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மனுசன் அந்தச் சிரிப்பை நம்பியிருக்கிறார்.

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் படத்துக்கு நேரே திரும்பி நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தவமணி பிழை விடேல்லை. பிழை விட்டவன் நான்.

"இன்னும் சத்தமா" என்றா மனுசி.